அன்றைய சூடு

அம்மாவின் கை அந்த வட்டாரத்தில் பெயர் போனது. குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை அவளுக்கு. காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு ஆபீசுக்கு ஓடப் பார்க்கிற தாய்மார்களை வாசலிலேயே மறித்து, பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைப்பாள். வைத்த கையை எடுக்காமலே, "சாயந்திரத்துக்குள்ள நூத்தி ஒண்ணைத் தாண்டும். திருப்பிக் கூட்டிட்டுப் போ" என்பாள். கூட்டிப் போகிறவள் முகம் கடுகடுவென்று இருக்கும். மறுநாள் அதே முகம் அசடு வழிய வந்து நிற்கும். இப்படியே நடந்து நடந்து 'தெர்மாமீட்டர் அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சம்பளம் ஏறவில்லை, பெயர்தான் ஏறியது.

வீட்டில் இருந்த தெர்மாமீட்டர் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கைதவறி உடைந்தது. அப்பா புதிதாக ஒன்று வாங்கவே இல்லை. "ஒரே உறையில ரெண்டு கத்தி எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகப் பாதி ஆயுளைக் கழித்த மனிதர், ஆனால் வாய் மட்டும் எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கும். "இந்த ஊர்ல பெரிய மனுஷங்க ஏறினதும் இறங்கினதும் எல்லாம் என் கையாலதான்" என்பார். மகள் அறிவியல் டீச்சர் ஆனதும் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார். கோபம் வந்தாலும் வாத்தியாரம்மாதான்.

அவருக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "காய்ச்சல் அடிச்சா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, உடனே வந்துடுங்க. வீட்ல தெர்மாமீட்டர் இருக்கில்ல?" என்று கேட்டாள். அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவைக் காட்டி, "இருக்கே. கூடவே கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். நர்ஸ் சிரித்தாள். அம்மாவுக்கு வெட்கமும் பெருமையுமாக வந்தது. மருந்துப் பையால் அவர் தோளில் ஒரு இடி இடித்தாள்.

அந்த வாரம் முடியவில்லை, அப்பா போய்விட்டார். உள்ளே சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பேச்சு குளறியபிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். "காய்ச்சல் இருந்திருக்குமே, கவனிக்கலையா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "காய்ச்சலே இல்லைங்க. வேளாவேளைக்குத் தொட்டுப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் அம்மா. கேட்டவர் அவள் முகத்தைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, "சிலருக்குக் காய்ச்சல் காட்டாமலும் வரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த ஒற்றை வாக்கியத்தை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னாள். "காய்ச்சலே காட்டாம வந்த வியாதி. நாம என்ன பண்ண முடியும்?" சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும், அதற்குப்பிறகு கொஞ்சம் சாப்பிடுவாள், கொஞ்சம் தூங்குவாள். அந்த வீட்டை அந்த வாக்கியம்தான் நிமிர்த்தி வைத்திருந்தது.

அதன்பின் ஒரு வருடம் போய் இன்னொரு வருடமும் பாதி ஓடிவிட்டது. மகளின் பள்ளியில் 'தோல் எப்படி உணர்கிறது' என்ற பாடம் வந்தது. தொடுதலுக்கு ஒரு வகை, சூட்டுக்கு ஒரு வகை, குளிருக்கு, வலிக்கு என்று தோலுக்குள் இருக்கும் உணர்வேற்பிகளைப் பற்றிய பாடம். அதில் ஒரு சோதனை உண்டு. மூன்று பேசினில் தண்ணீர்: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பானது. வலது கையை வெந்நீரிலும் இடது கையை ஐஸ் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இரண்டையும் நடு பேசினில் விட்டால், ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், இன்னொரு கைக்குச் சுடும். தோல் சூட்டை அளப்பதில்லை, சூடு மாறுவதைத்தான் சொல்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

டீச்சருக்கு ஒரு காலத்தில் மிகப் பிடித்த பாடம் அது. போன வருடம் மட்டும் பேசினும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் வாயாலேயே நடத்தி முடித்துவிட்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. இந்த வருடம் தலைமை ஆசிரியை வந்து வகுப்பில் உட்காரப் போகிறாளாம், தப்பிக்க வழியில்லை. அதனால் முந்தின மாலை சமையலறை மேடையில் பேசின்களை வரிசையாக வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கையை விடும்மா. இது அதுல, அது இதுல. எப்படி இருக்கு, சொல்லு."

"தண்ணியாத்தான் இருக்கு."

"விளையாடாதம்மா. எது சூடு?"

அம்மா இரண்டையும் பார்த்தாள். "இதுதான். ஆவி வருதே."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு."

அம்மா கண்ணை மூடினாள். டீச்சர் சத்தமில்லாமல் பேசின்களை இடம் மாற்றி, அம்மாவின் கைகளைப் பிடித்து உள்ளே விட்டாள். "இப்போ?"

"ரெண்டும் ஒண்ணுதான். எதுக்கு ரெண்டு பேசின் எடுத்தே? யார் கழுவுறது?"

டீச்சர் சிரித்தாள். தண்ணீர் ஆறியிருக்கும் என்று கெட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அம்மா கண்ணை மூடியபடியே, காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயா எப்படித் துணி மடிக்கத் தெரியாமல் திண்டாடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு போகிற போக்கில் போய்க்கொண்டிருக்க, தண்ணீருக்குள் அவள் கை சிவந்துகொண்டே வந்தது. டீச்சர் தன் விரலை விட்டுப் பார்த்தாள். அடுத்த நொடி அம்மாவின் கையைப் பிடுங்கி வெளியே எடுத்தாள்.

"ஏன்டி இப்படிப் பிடுங்கறே?" என்றாள் அம்மா. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மிட்டாய் கொடுத்து ஊசி போடுகிறவர்களின் குரல் அவருக்கு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல் விரலாகத் தொட்டார். எந்த விரல், எந்தக் கணு என்று அம்மா பிசகாமல் சொன்னாள். பிறகு ஊசி முனையால் குத்தினார். "தொடுறீங்க" என்றாள். "குத்துதா?" "இல்லை, தொடுறீங்க." வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை உள்ளங்கையில் வைத்தார், குளிர்ந்த குழாயை வைத்தார். இரண்டுக்கும் "கண்ணாடி" என்றாள். தோள் வரைக்கும் அப்படித்தான். ஆனால் அதே ஊசி கன்னத்தில் பட்டதும் "ஆ" என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் வைத்த குழாயைச் சூடு என்றும் சரியாகச் சொன்னாள்.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தோல்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆள் இருக்காங்கம்மா. தொட்டாச் சொல்றதுக்கு ஒரு ஆள், சூட்டுக்கு ஒரு ஆள், வலிக்கு ஒரு ஆள். எல்லாச் சேதியும் முதுகுத்தண்டு வழியாத்தான் மூளைக்குப் போகணும், ஆனா ஒரே பாதையில இல்லை. தொடுற சேதி வந்த பக்கமே நேரா மேல போயிடும். சூடும் வலியும் தண்டுக்கு நடுவுல குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் ஏறும். உங்களுக்குக் கழுத்துக்கிட்ட, சரியா அந்தக் கடக்கிற இடத்துல, நீர் தேங்கிக் குழி மாதிரி ஆகியிருக்கு."

"அப்போ கை கெட்டுப்போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"கைக்கு ஒண்ணுமே இல்லை. இப்பவும் சூடு பட்டா உங்க விரல் சேதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு. வழியில நின்னுடுது, அவ்வளவுதான். முகத்தோட நரம்பு அந்த இடம் வழியா வர்றதில்லை, அதனால முகம் தப்பிச்சுது."

அம்மா தன் கைகளை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் இடது கையைப் புரட்டி, புறங்கையின் ஓரத்தில் இருந்த பழைய தழும்பைத் தடவினார்.

"இது சூடு பட்ட தழும்பு. எப்போ பட்டது? இது எப்போன்னு தெரிஞ்சா, எப்போ ஆரம்பிச்சதுன்னு ஓரளவு சொல்லிடலாம்."

அந்தத் தழும்பு எப்போது வந்தது என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிற காலையில், அவர் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டாள். பொசுங்கல் நாற்றம் வந்தது. சட்டைதான் போச்சு என்று பதறினாள், பார்த்தால் வெந்தது கை. "அடிப்பாவி, சட்டைக்கு அழுதியே, கையைப் பாரு" என்றார் அப்பா. "வேலை செஞ்சு காய்ச்சுப்போன கை, இதெல்லாம் உறைக்காது" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அன்றைக்கே அந்தக் கைக்குச் சூடு தெரியவில்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அப்பாவின் நெற்றியில் வேளாவேளைக்கு வைத்துப் பார்த்ததும் சூடு தெரியாத கைதான்.

"அது... ஆறேழு மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள் டீச்சர். பொய் அத்தனை சுளுவாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம். அம்மா தலையைத் திருப்பி மகளைப் பார்க்கவில்லை. தழும்பைத்தான் பார்த்தாள்.

டாக்டரின் முகம் மாறியது. "ஆறு மாசத்துல இவ்வளவு பரவியிருக்கா? அப்போ தள்ளிப்போடக் கூடாது. வருஷக்கணக்கா மெதுவா வந்ததுன்னா, அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே ஓட்டலாம்னு சொல்லியிருப்பேன். வேகமா வளருதுன்னா உடனே ஆபரேஷன்தான். கழுத்துத் தண்டுல கை வைக்கிற வேலை. கை பலம் குறையலாம், நடை தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து இல்லைன்னும் சொல்ல முடியாது. யோசிச்சு வாங்க, ஆனா ரொம்ப யோசிக்காதீங்க."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். டீச்சரும் அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஓடினாள். உண்மையைச் சொன்னால் அம்மாவின் கழுத்து பிழைக்கும், ஆனால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் பிழைக்கும், அம்மா ஆபரேஷன் மேஜையில் படுப்பாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் கை நிற்கும். பிள்ளைகள் பின்னால் குசுகுசுவென்று பேசுவார்கள்.

அவளை இன்னொன்றும் தின்றுகொண்டிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு மாலை, அவள் மழையில் தொப்பலாக நனைந்து பள்ளியிலிருந்து வந்தாள். அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். "குளிருதும்மா வாத்தியாரம்மா" என்றார். தலையணையைச் சரி செய்யக் குனிந்தவளின் விரல் அவர் கழுத்தில் பட்டது. சுட்டது.

"அம்மா, அப்பாவுக்குச் சுடுது" என்றாள்.

அம்மா ஓடி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்திருந்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். "ஒண்ணுமில்லைடி. உன் கையைத் தொட்டுப் பாரு, மழையில நனைஞ்சு ஐஸா இருக்கும். அதான் உனக்குச் சுடுது. நீதானே மூணு பேசின் வச்சு நடத்துவே, மறந்துட்டியா?"

டீச்சர் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. அம்மா சொன்னது புத்தகத்தில் இருப்பது, அவளே வருடாவருடம் கற்றுக்கொடுப்பது. குளிர்ந்த கைக்கு வெதுவெதுப்பும் சுடும். தன் விரல் சொன்னதைவிடத் தான் நடத்திய பாடத்தை அவள் நம்பினாள். "ரெண்டு டாக்டரும் சண்டை போடாதீங்க. பேஷன்ட் பாவம்" என்றார் அப்பா, பல் கிடுகிடுக்க. அம்மா இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். தலையைத் துவட்டி, டீ குடித்து, சூடேறிய கையால் டீச்சர் இன்னொரு முறை தொட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அம்மா தொட்ட பிறகு இன்னொருவர் தொட்டுப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

அதனால்தான் போன வருடம் பேசின்களை வெளியே எடுக்கவில்லை. அப்போதெல்லாம் அது வெறும் சந்தேகம். காய்ச்சல் காட்டாத வியாதி என்று அம்மா சொல்லும்போது, தன் விரலில் பட்டது என்ன என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு கேள்வி முள்ளாக நிற்கும். இப்போது பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்ததால் எந்த நிம்மதியும் வந்துவிடவில்லை.

அந்த வாரத்தில் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. மாதம் ஒரு முறை கூப்பிட்டு அண்ணனை நினைத்து அழுவாள், அம்மாவும் சேர்ந்து அழுவாள், கடைசியில் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பாள். இந்த முறை அத்தை அழுதாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்" என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள். உடம்பு சரியில்லாத களைப்பு என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வரச் சொன்ன நாளில், அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீச்சர் மட்டும் உள்ளே போனாள்.

"டாக்டர், ஒரு விஷயம் தனியாச் சொல்லணும். அந்தத் தழும்பு ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்ததில்லை. அம்மாவுக்குத் தெரியாம..."

கதவு திறந்தது. அம்மா செருப்பைக்கூட வெளியே விடாமல் உள்ளே வந்து நின்றாள். உட்காரவில்லை.

"ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சுங்க" என்றாள் டாக்டரிடம். "என் வீட்டுக்காரர் இருக்கும்போதே பட்டது. அவரை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்குக் காலையில. இவளுக்கும் தெரியும். எனக்காகத்தான் மாத்திச் சொன்னா."

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு முன்னாடியே இருந்திருக்குங்க" என்று அம்மா தொடர்ந்தாள். "காப்பகத்துல நெத்திக்கு நேரா நீட்டிக் காய்ச்சல் பார்க்குற துப்பாக்கி ஒண்ணு வாங்கினாங்க. நான் ஒண்ணுமில்லைன்னு சொன்ன பிள்ளைக்கு அது நூறு காட்டும். பேட்டரி போச்சுன்னு நான் சண்டை போடுவேன். துப்பாக்கியோட மல்லுக்கு நின்னு யாரு ஜெயிச்சாங்க, விடுன்னு அவரு கேலி பண்ணுவாரு. அவரு பண்ணின கேலி, அவரு இருக்கும்போதுதானே பண்ணியிருக்க முடியும்? ஒரு தடவை குளிப்பாட்ட நான் கலந்த தண்ணியில ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. பசின்னு நினைச்சேன். நல்லவேளை, பக்கத்துல இருந்தவ தூக்கிட்டா. அந்தத் துப்பாக்கி சரியாத்தான் சொல்லியிருக்குது. நான்தான்..."

அங்கே நிறுத்திவிட்டாள். டாக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்று கேட்டார். அம்மா சொன்னாள். எல்லாவற்றையும் வரிசையாக, குரல் உடையாமல் சொன்னாள். டாக்டர் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க. விரல் சேதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்குன்னு. அப்போ அவருக்குக் காய்ச்சல்னு என் கைக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லையா? கை சொல்லியிருக்கு. எனக்குத்தான் வந்து சேரலை."

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மெதுவாக வந்ததுதான், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். அடுப்புக்கிட்ட தனியாகப் போகக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். காப்பகத்தில் குழந்தைகளைக் குளிப்பாட்டவே கூடாது என்றபோது அம்மா, "நேத்தே சொல்லிட்டு நின்னுட்டேங்க" என்றாள். டீச்சருக்கு அது புதுச் செய்தி.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் டீச்சர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா போனபோதுகூட அப்படி அழுததில்லை.

"நான் மறுபடி தொட்டுப் பார்த்திருக்கணும்மா. எனக்குச் சுட்டுச்சு. எனக்கு நல்லாவே சுட்டுச்சு."

"நீ சொன்னேடி. வந்ததும் வராததுமா சொன்னே. நான்தான் உன் கையைக் குத்தம் சொன்னேன்." அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "அந்த டாக்டரம்மா தழும்பைப் பிடிச்சுக் கேட்டாங்க பாரு, அப்போவே எனக்கு அந்த மழை நாள்தான் ஞாபகம் வந்துச்சு. நீ பொய் சொன்னதும், உனக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு பேசாம இருந்தேன்."

தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கல்லைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் அத்தனை நாள் நடமாடியிருக்கிறார்கள். பங்கு போட்டுக்கொண்டதால் எடை குறைந்துவிடவும் இல்லை.

வெளியே சாயங்கால வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அம்மா மகளின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"எவ்வளவு சூடு இருந்தாரு?"

"அம்மா, வேண்டாம்மா."

"சொல்லு. நாள் முழுக்கப் பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியாது. உன் கைக்கு மட்டும்தான் தெரியும்."

"நல்ல சூடும்மா. ரொம்ப... எப்படிச் சொல்றது?"

"வாயால சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சூட்டுக்குத் தண்ணி கலந்து குடு."

டீச்சர் மாட்டேன் என்றுதான் தலையசைத்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டீச்சர் எழுந்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்தாள். மேடைக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த பேசின்களில் ஒன்றை எடுத்துக் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். வெந்நீரை ஊற்றி, கையை விட்டுப் பார்த்தாள். அதிகம். குழாயைத் திறந்து கொஞ்சம் கலந்தாள். குறைவு. மறுபடி வெந்நீர். அன்றைக்குப் போலவே கையைக் குளிர வைத்துக்கொள்ள, இடையில் குழாயடியில் விரல்களை நீட்டினாள். ஒரு கட்டத்தில் அவள் விரல் தண்ணீருக்குள் போனதும் நின்றது. போர்வை ஓரமும், மழித்து நாலைந்து நாளான அப்பாவின் கழுத்தும், அதற்கடியில் துடித்த நரம்பும் அந்தத் தண்ணீரில் இருந்தன.

"இதுதான்" என்றாள்.

அம்மா முதலில் கையை விட்டாள். பழக்கம். தண்ணீர் நனைத்தது, அவ்வளவுதான். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். தலைமுடியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, இடது கன்னத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

கண் மூடியிருந்தது. முகம் சுருங்கியது, பிறகு மெல்ல அவிழ்ந்தது. டீச்சர் அவள் முதுகில் கை வைத்து நின்றாள். மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

"இவ்வளவு இருந்திருக்கு" என்றாள் அம்மா, தண்ணீருக்கு மேல் இருந்த பாதி வாயால். "இவ்வளவு சூட்டோட குளிருதுன்னு சொன்னாரு. நான் போர்வையைப் போட்டேன்."

பேசினின் ஓரத்தில் சின்னச் சின்னதாக அலை அடித்தது. வெகுநேரம் ஆகிவிட்டது என்று தோன்றியபோது, "போதும்மா, எழுந்திரு" என்று தோளைத் தொட்டாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஆறிப்போகுதுடி" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

டீச்சர் கெட்டிலை எடுத்தாள். அம்மாவின் கன்னத்தில் நேராகப் பட்டுவிடாமல் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.